பால்

கன்னியப்பனுக்குக் கண் தேவையில்லை.
இடுப்பளவுத் தண்ணீரில் வானத்தைப் பார்த்தபடி நிற்பான்,
கால் கட்டைவிரல் சேற்றைத் துழாவும்.
'இதோ ஒண்ணு கீது.'
முங்கி எழுந்தால் கையில் மட்டி,
சேறு வழிய, வாயை இறுகப் பூட்டிக்கொண்டு.

காவேரிப்பாக்கம் ஏரி. தை மாதம். காலை ஆறேமுக்கால்.
பிளாஸ்டிக் குழாயில் நான் செய்த ஒரு மீட்டர் சதுரம்
மிதந்து மிதந்து என்னை விட்டு நழுவப் பார்க்கிறது.
அதற்குள் அகப்படுவதை மட்டும்தான் எண்ண வேண்டும்.
அவனுக்கு அது பிடிக்கவில்லை.
'அங்க இன்னும் பெரிசு இருக்குது மேடம்,
சட்டத்துக்கு வெளிய கீறதெல்லாம் மட்டி இல்லியா?'

பெரிசு. அதில்தான் அவன் பெருமை.
உள்ளங்கையை மீறும் ஓடுகளைத் தனி வரிசையாக அடுக்குகிறான்,
சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவன் போல.

மத்தியானம் மேல்விஷாரத்தில்,
ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும்.
சதானந்தம் அணைக்கட்டுப் பக்கம்
எருது விடும் விழாவுக்குப் போய்விட்டான்.
குழாயைத் திறந்து மூடக்கூட ஆளில்லை.

கீலுக்கு எதிரே கத்தி நுழைய ஓர் இடம் உண்டு.
தசை அறுந்ததும் கதவு விட்டுக்கொடுக்கும்.
உள்ளே, யாரும் பார்க்காத இருட்டுக்கு
இவ்வளவு மினுமினுப்பு எதற்கு?

பதிவேட்டின் கட்டங்கள்: நீளம், எடை, பால்.
முட்டை இருந்தால் பெண். விந்து இருந்தால் ஆண்.
வரிசையின் தலைமகனைக் கீறினேன்,
நூற்று நான்கு மில்லிமீட்டர்.
வெள்ளையாகக் கசிந்தது.
ஒரு சொட்டைத் தகட்டில் வைத்துக் குனிந்தால்
முட்டை இல்லை.
விந்தும் இல்லை.
நூல்.
கிளைத்து, முடிச்சிட்டு, மறுபடி கிளைத்து
கருப்பை இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளை நூல்.
நூல் வெடித்து வெளியே வந்த புழுக்குஞ்சுகளுக்கு
இரண்டு கொம்பு.
வால்தான் அது, ஆனாலும் கொம்பு.
நீட்டிச் சுருக்கி, நீட்டிச் சுருக்கி
வெளிச்ச வட்டத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு.
எத்தனை நொடி என்று
என்னை அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிள்ளை பெறும் செலவில்லாத உடம்பு
தின்றதை எல்லாம் ஓடாக்கிக்கொள்கிறது.
கன்னியப்பனின் வரிசையில் பதினான்கு.
பதினொன்றில் இந்தக் கொம்புகள்.

பால் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்,
பதினொரு தடவை.
சுவரில் மாவட்டப் படம்,
அதில் பாலாறும் ஒரு கோடு, நீலத்தில்.
சன்னலுக்கு அந்தப்பக்கம் அது மணல்.

இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே
வகுப்பில் நானே நடத்திய பாடமும் வந்தது:
இதே மட்டி, கடுகினும் சிறிதாக இருந்தபோது,
ஒரு கெண்டையின் செவுளைக் கவ்வித் தொங்கியது,
அதன் உடம்பில் உண்டு, அதன் தயவில் ஊர் பார்த்து,
காலூன்றத் தெரிந்ததும் சொல்லாமல் உதிர்ந்தது.
கெண்டை யாரிடம் போய் முறையிட்டது?
கொம்பு வைத்த இந்தக் குஞ்சும்
அடுத்து தேடுவது ஒரு மீனைத்தான்.
அந்த மீனுக்காக ஒரு விரால் காத்திருக்கிறது.
வாடகைக்குப் போகாத வீடு
ஏரியில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அவனிடம் சொன்னேன்.
'அப்போ பெரிசெல்லாம் மலடா?'
தண்ணீரைப் பார்த்தான். ஏதோ கணக்குப் போட்டான்.
'வேகவச்சா தின்னலாமா?'
'தின்னலாம்.'
'அப்புறம் இன்னா.'

ஆனால் அன்று அவன் வரிசை அடுக்கவில்லை.
வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றான்.
பிறகு என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான்,
சுண்டுவிரல் நகமளவு, ஓடு இன்னும் மஞ்சள்.
'இது இந்த வருசத்துது. எழுதிக்க மேடம்.'

எழுதுகோலை எடுப்பதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டு
எந்தப் பக்கம் மேலே என்று கேட்காமலே
சரியாகத் திருப்பி, சேற்றில் வைத்து
கட்டைவிரலால் மெல்ல அழுத்தினான்.

சட்டத்துக்கு இரண்டடி வெளியே.
கணக்கில் வராது.